பாட்டின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும்போது பரிந்துரை எதைப் பிடித்துக்கொள்கிறது?

பழந்தட்டு எழுதியது:

ஒரு பாட்டை எந்தப் பெயரில் வைத்திருக்கிறோம் என்பதே அந்தப் பாட்டு அடுத்த தலைமுறையின் காதில் விழுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது என்று நான் நம்புகிறேன். ஸ்ட்ரீமிங் செயலிகளின் பரிந்துரைகளைப் பற்றிப் பேசும்போது அவற்றின் கணக்கு முறையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அந்தக் கணக்கு எந்தச் சொற்களின் மேல் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும், அந்தச் சொற்கள் எவ்வளவு வேகமாகப் பொருள் மாறி வந்திருக்கின்றன என்பதையும் இங்கே பேச விரும்புகிறேன்.

1902-இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடிய பதிவுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும். பாட்டு முடிந்ததும் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். அந்தத் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாயின. மெழுகுப் பதிவைக் கையில் வாங்கும் அயல்நாட்டுத் தொழிலாளர் சரியான பெயர்ச்சீட்டை ஒட்ட வேண்டும் என்பதற்காகவே அந்த அறிவிப்பு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். பாட்டையும் அதன் பெயரையும் பிரிக்க முடியாதபடி ஒரே ஒலிப்பள்ளத்தில் வைத்துவிட்ட காலம் அது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வடிவமும் பாட்டையும் பெயரையும் சற்றுச் சற்றாகப் பிரித்துக்கொண்டே வந்தது.

'ஆல்பம்' என்பதைப் பாருங்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிட இசைதான் அடங்கும். நீண்ட படைப்பு ஒன்றைப் பல தட்டுகளில் பிரித்து, உறைகள் தைத்த கனமான புத்தகத்தில் போட்டு விற்றார்கள். அந்தப் புத்தகத்துக்குத்தான் ஆல்பம் என்று பெயர். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேரம் ஓடும் தட்டை வெளியிட்ட பிறகு புத்தகம் மறைந்தது, பெயர் ஒற்றைத் தட்டுக்கு வந்து சேர்ந்தது. பிறகு ஒலிநாடாவும் குறுவட்டும் அதே பெயரை வாங்கிக்கொண்டன. இப்போது திரையில் ஒரு சதுரப் படமும் அதன் கீழே ஒரு வரிசையும் இருந்தால் அது ஆல்பம். எனவே '1955-ஆம் ஆண்டின் ஆல்பம்' என்று செயலியிடம் கேட்கும்போது, நாம் கேட்பது எது என்று நமக்கே உறுதியில்லை.

வகைப் பெயர்களின் கதை இன்னும் கூர்மையானது. அமெரிக்காவின் பில்போர்டு இதழ் கறுப்பின மக்களின் இசைக்கான விற்பனைப் பட்டியலை 1945-இல் 'ரேஸ்' (இனம்) என்ற தலைப்பில் வெளியிட்டது. 1949-இல் அதை 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றியது. 1969-இல் 'சோல்' என்றும், 1982-இல் 'பிளாக்' என்றும் மாற்றி, 1990-இல் மறுபடியும் 'ரிதம் அண்ட் புளூஸ்' என்பதற்கே திரும்பியது. இசையும் இடையில் மாறியது உண்மை. ஆனால் பெயரை மாற்றியவர்கள் இசையைக் கேட்டு மாற்றியதைவிட, யாருக்கு எதை விற்கிறோம் என்பதைச் சொல்லத் தகுந்த சொல் எது என்று பார்த்து மாற்றியதே அதிகம். 'உலக இசை' என்ற பெயரும் 1987-இல் லண்டனில் சிறு இசைத்தட்டு நிறுவனத்தார் கூடிப் பேசி, கடை அடுக்கில் எழுதி வைப்பதற்காக முடிவு செய்ததுதான். ஒரு கண்டத்தின் இசை முழுவதும் ஒரே அடுக்கில் போய் உட்கார்ந்தது.

இப்படிப் பெயர் மாற்றங்களின் மேல் பெயர் மாற்றங்களாகப் படிந்து கிடக்கும் ஒரு கிடங்கிலிருந்துதான் பரிந்துரை எந்திரம் நமக்குப் பாட்டு எடுத்துத் தருகிறது. அது பின்னோக்கி எவ்வளவு தூரம் நடக்கும் என்பது, பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் யாரேனும் முடிச்சுப் போட்டிருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. இதில் உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

நிரல்மொழி எழுதியது:

பழந்தட்டு அவர்களின் வரலாற்றுப் பகுதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முடிவில் மட்டும் உடன்பட இயலவில்லை. இன்றைய பரிந்துரை முறைகள் பெயர்களை நம்பி நடப்பவை அல்ல. அவற்றின் அடித்தளம் எளியது: இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எவற்றைக் கேட்டார்கள், எவற்றை ஒரே பிளேலிஸ்டில் அடுத்தடுத்து வைத்தார்கள் என்பதைக் கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து எண்ணி, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கணித இடத்தைக் கொடுப்பது. அந்த இடத்துக்கு அருகில் இருப்பவை பரிந்துரைக்கப்படும். 2015-இல் ஸ்பாட்டிஃபை ஒவ்வொரு திங்களன்றும் 30 பாடல்கள் கொண்ட தனிப்பட்ட பட்டியலைத் தரத் தொடங்கியபோது அதன் வலிமை இதில்தான் இருந்தது. பாட்டின் வகை 'சோல்' என்று எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் இந்தக் கணக்கு நடக்கும்.

கேட்டவர் எவருமே இல்லாத பாட்டுக்கு இந்த முறை உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வேறு வழிகள் உண்டு. அமெரிக்க இணைய வானொலியான பண்டோரா நிறுவனம் 2000-இல் தொடங்கிய திட்டத்தில் பயிற்சி பெற்ற இசைஞர்கள் ஒவ்வொரு பாட்டையும் காதால் கேட்டு, நூற்றுக்கணக்கான இயல்புகளுக்கு மதிப்பெண் இட்டார்கள். 2013 வாக்கில் ஆய்வாளர்கள் ஒலி அலையை மட்டும் நரம்பியல் வலைப்பின்னல் என்ற, தானே கற்றுக்கொள்ளும் கணினி முறைக்குக் கொடுத்து, அந்தப் பாட்டு கணித வெளியில் எங்கே அமரும் என்று ஊகிக்க வைத்தார்கள். ஒலிக்கு மொழி மாற்றம் கிடையாது.

தமிழ்ப் பாடல்களின் பெயர்க் குழப்பத்துக்கு மட்டும் ஒரு குறிப்பான காரணம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். 1996-இல் எம்பி3 கோப்புகளின் கடைசியில் ஒட்டுவதற்காக ஒரு சிறு குறிப்புச் சீட்டை வடிவமைத்தார்கள். மொத்தம் 128 பைட்டு. சீட்டின் அடையாளத்துக்கு 3, தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு 1. அந்த ஒற்றை வகைப் பைட்டில் முதலில் 80 வகைகளின் பட்டியல்தான் இருந்தது. எழுத்தோ மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான குறியீடு மட்டும். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்ற ஒரே சொல்லுக்கு 15 பைட்டு தேவை என்பதை நினைத்தால், தமிழில் எழுத இடம் கொடுத்திருந்தாலும் பாதி முதலடிகூட அடங்கியிருக்காது. ஆகவே எல்லோரும் ரோமன் எழுத்தில் தட்டினார்கள். ழகரத்தை ஒருவர் இரண்டு எழுத்துகளால் எழுதினார், இன்னொருவர் லகரத்துக்கு உரிய எழுத்தையே போட்டார். நெடிலை ஒருவர் இரட்டித்தார், மற்றவர் விட்டுவிட்டார். பின்னாளில் வந்த பெரிய தரவுத்தளங்கள் பலவற்றில் இந்த எழுத்துப்பிழைகள் அப்படியே குடியேறிவிட்டன.

ஆயப்பாலை எழுதியது:

ஒலிக்கு மொழி மாற்றம் கிடையாது என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். பெயர் மாறும்போது இசையே எந்த இசையாகக் கேட்கப்படுகிறது என்பதும் மாறும் என்பதற்குத் தமிழிசை வரலாற்றைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சிலப்பதிகாரம் ஏழு சுரங்களைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று அழைக்கிறது. இன்று இசை பயிலும் குழந்தை ச, ரி, க, ம, ப, த, நி என்று தொடங்குகிறது. தேவாரப் பதிகங்களுக்குப் பண் குறிக்கப்பட்டிருக்கிறது. ஓதுவார் மரபு அவற்றை இன்றைய ராகங்களுக்கு இணைத்துப் பாடுகிறது. தக்கேசியைக் காம்போதியிலும், கௌசிகத்தைப் பைரவியிலும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியிலும், செந்துருத்தியை மத்தியமாவதியிலும் பாடுவது வழக்கம். இந்த இணைப்பு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று, எல்லாவற்றிலும் ஐயமற்றதும் அன்று. ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டபோதும், விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947-இல் வெளிவந்தபோதும், அவர்கள் வாழ்நாளைச் செலவிட்டது பழைய பெயரும் இன்றைய ஒலியும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்ற இந்தக் கேள்விக்காகவே.

இப்போது ஒலியை மட்டும் கேட்கும் எந்திரம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஓதுவார் பாடும் தக்கேசிப் பதிகத்தையும் கச்சேரியில் பாடப்படும் காம்போதிக் கீர்த்தனையையும் அது பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடும்; ஒரு வகையில் அது சரி. வயலினும் மிருதங்கமும் இல்லாத ஓதுவார் குரலை, அதே காரணத்தால், முற்றிலும் தொடர்பில்லாத ஏதோ ஒரு வழிபாட்டுப் பாடலின் பக்கத்திலும் அது வைத்துவிடலாம். அதுவும் ஒலியளவில் சரிதான். எந்த ஒப்புமை பொருளுள்ளது என்று முடிவு செய்வதற்கு ஒலிக்கு வெளியே உள்ள அறிவு வேண்டும், அந்த அறிவு சொற்களில்தான் தங்கியிருக்கிறது. பண் பெயரை நீக்கிவிட்டு ராகப் பெயரை மட்டும் எழுதினால் தேடுகிறவருக்கு வசதி; ஆனால் ஓதுவார் மரபு என்ற ஒன்று தனியே இருந்ததே தெரியாமல் போய்விடும். பண் பெயரை மட்டும் எழுதினால் மரபு நிற்கும். கேட்க வருகிறவர் வந்து சேரமாட்டார். இரண்டு பெயரும் வேண்டும், இரண்டுக்கும் இடையிலான உறவு என்ன வகை என்பதும் வேண்டும்.

இரவுக்கேள்வி எழுதியது:

உங்கள் எல்லோரையும்விட வயதில் இளையவள் என்ற உரிமையோடு ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நான் நாகசுரத்தைக் கேட்கத் தொடங்கியதே பரிந்துரையால்தான். சாக்ஸபோனில் வாசித்த ஒரு கீர்த்தனையைக் கேட்டு முடித்ததும், அடுத்து வந்தது ஒரு பழைய நாகசுரப் பதிவு. அதற்கு ஆண்டும் இல்லை, தவில் வாசித்தவர் பெயரும் இல்லை, ராகப் பெயர்கூடத் தப்பாக எழுதப்பட்டிருந்தது. ஆனாலும் அது என்னை வந்தடைந்தது. பெயர்கள் எல்லாம் செம்மையாகும் வரை காத்திருந்தால் நான் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பேன்.

முன்பு வானொலியில் ஒருவர் தேர்ந்தெடுத்ததைத்தான் எல்லோரும் கேட்டோம் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தேர்வும் ஏதோ ஒரு பெயர்ப்பட்டியலை வைத்துத்தானே நடந்தது? 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூட வேண்டிய தேவையும், 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்ற வேண்டிய தேவையும் ஏற்பட்டதற்குக் காரணம், கச்சேரி மேடை எந்தப் பாடலைப் பாடத் தகுந்தது என்று எண்ணியதோ அதில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் இல்லாமல் இருந்ததுதான். மனிதர்கள் செய்த பரிந்துரையிலும் வாசல்கள் சாத்தியே இருந்தன. எந்திரத்திடம் மட்டும் நாம் இவ்வளவு கடுமையாக இருப்பது நியாயமா என்று கேட்கிறேன்.

பழந்தட்டு எழுதியது:

இரவுக்கேள்வி, நீங்கள் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். உங்களுக்கு நாகசுரம் வந்து சேர்ந்தது எந்திரத்தின் கொடை என்பதில் ஐயமில்லை. நான் கேட்பது, அந்தப் பதிவிலிருந்து அடுத்த பதிவுக்கு நீங்கள் எப்படிப் போனீர்கள் என்பதை. தவில் கலைஞரின் பெயர் இல்லை என்கிறீர்கள். அவர் வேறு யாருக்கு வாசித்தார் என்று தேடிப் போகும் பாதை அங்கேயே அடைபட்டுவிட்டது. சுவைஞர் ஒருவர் உருவாவது முதல் பாட்டில் இல்லை. அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது, மூன்றாவது பாட்டுக்குத் தாமே நடந்து போகும்போதுதான்.

நிரல்மொழி அவர்களுக்கும் ஒரு விடை. கேட்பவர்களின் நடத்தையிலிருந்து கணக்கு தொடங்குகிறது என்றால், நடத்தை எங்கிருந்து தொடங்குகிறது? தேடுதல் பெட்டியில் ஒரு பெயரைத் தட்டுவதில் இருந்து. எழுத்துப்பிழையால் கிடைக்காமல் போன பாட்டுக்குக் கேட்டவர் இல்லை. கேட்டவர் இல்லாததால் கணித வெளியில் இடம் இல்லை. இடம் இல்லாததால் பரிந்துரை இல்லை. இதில் பணமும் கலந்துவிட்டது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைக்கும் குறைவாகக் கேட்கப்பட்ட பதிவுக்குப் பதிவுரிமைத் தொகை கிடையாது. அரிய பழைய தட்டு ஒன்றைத் தூய்மை செய்து ஏற்றுகிறவருக்கு இது என்ன ஊக்கத்தைத் தரும்?

வடிவம் இசையை வளைப்பது புதிதன்று என்பதையும் நான் மறக்கவில்லை. 78 சுழற்சித் தட்டுக்காக வித்துவான்கள் ராக ஆலாபனையை 3 நிமிடத்துக்குள் அடக்கிப் பாடினார்கள்; அந்தச் சுருக்கத்திலும் ராகத்தின் முழு முகமும் தெரியும்படி பாடியவர்கள் உண்டு. இன்றைய அளவு 30 விநாடி. அதைத் தாண்டினால்தான் ஒரு கேட்பு எண்ணப்படுகிறது. 1986 முதல் 2015 வரை அமெரிக்காவில் முதல் பத்து இடங்களைப் பிடித்த பாடல்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று, குரல் தொடங்குவதற்கு முன் வரும் முன்னிசை 20 விநாடிக்கு மேலிருந்து சுமார் 5 விநாடியாகக் குறைந்துவிட்டதைக் காட்டியது. தம்பூரா நிலைபெற்று, குரல் கீழ் ஷட்ஜத்தைத் தேடி அமர்வதற்குள் 30 விநாடி போய்விடும் இசைக்கு, பொறுமையின்றித் தள்ளிவிடப்பட்டது என்ற முத்திரைதான் எந்திரத்தின் கணக்கில் விழும். கேட்பவர் அந்த இசையை வெறுத்தார் என்று அதற்குப் பொருளாகிவிடுகிறது.

பட்டியலர் எழுதியது:

ஒலிப்பதிவுகளுக்குப் பட்டியல் எழுதும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், ஆண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பரிந்துரையில் வரலாறு தொலைந்துபோகும் முதல் இடம் அதுதான்.

ஒவ்வொரு பதிவுக்கும் உலக அளவில் 12 எழுத்து கொண்ட ஓர் அடையாள எண் உண்டு, 1986-இல் தரப்படுத்தப்பட்டது. அதன் நடுவில் ஆண்டைக் குறிக்கும் 2 இலக்கங்கள் வரும். பலரும் அதைப் பாட்டு பதிவான ஆண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அந்த எண் ஒதுக்கப்பட்ட ஆண்டு. 1938-இல் பாடிய பாட்டை 2007-இல் கணினிக்கு மாற்றி எண் வாங்கினால், அதில் 07 என்றுதான் இருக்கும். செயலியில் காட்டப்படும் ஆண்டோ பெரும்பாலும் தொகுப்பு வெளியான நாளிலிருந்து வருகிறது. இதனால் மூன்று தலைமுறைகளின் குரல்கள் ஒரே ஆண்டில் பிறந்த உடன்பிறப்புகளைப் போலத் திரையில் நிற்கின்றன. யார் யாரிடம் கற்றார், எந்தப் பாணி எதற்கு முந்தியது என்ற கேள்வியை அந்தத் தரவிடம் கேட்கவே முடியாது.

'கலைஞர்' என்ற கட்டமும் அப்படித்தான். மேற்கத்திய செவ்வியல் இசையில் இயற்றியவர், வாத்தியக் குழு, நடத்துநர், தனி வாத்தியக்காரர் என்று நால்வரை ஒரு கட்டத்தில் அடைக்க முடியாமல் தவித்தார்கள். ஆப்பிள் நிறுவனம் 2021-இல் பிரைம்போனிக் என்ற சேவையை வாங்கி, 2023-இல் செவ்வியல் இசைக்கென்றே தனிச் செயலியை வெளியிட்டதன் முதன்மைக் காரணம் இதுதான். திரைப்பாடலில் பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் மூவரும் உண்டு. பாடலாசிரியரின் பெயர்தான் முதலில் உதிர்கிறது. பாட்டு வரிகளின் நடை ஐம்பது ஆண்டுகளில் எப்படி மாறியது, வடசொற்கள் எப்போது குறைந்தன, பேச்சுவழக்கு எப்போது மேலேறியது என்று ஆராய நினைப்பவருக்கு அந்த ஒரு பெயர் இல்லாவிட்டால் கையில் ஒன்றுமே இல்லை.

திறந்த தரவுத்தளமான மியூசிக்பிரெயின்ஸ் இந்தச் சிக்கலை நல்ல முறையில் கையாள்கிறது என்பது என் கருத்து. படைப்பு வேறு, பதிவு வேறு, வெளியீடு வேறு என்று மூன்று அடுக்காக அது பிரித்து வைக்கிறது. இயற்றியவரும் பாடலாசிரியரும் படைப்போடு இணைவார்கள். பாடியவரும் வாசித்தவரும் பதிவோடு இணைவார்கள். தொகுப்பின் ஆண்டு வெளியீட்டோடு நிற்கும். ஒரே பெயருக்கு மாற்றுப்பெயர்களை மொழிவாரியாகக் கொடுக்கவும் இடமுண்டு. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் திருத்தலாம்.

நிரல்மொழி எழுதியது:

நடத்தை எங்கிருந்து தொடங்குகிறது என்ற கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. தொடக்கப் புள்ளி தேடல் என்பதும், தேடலுக்குப் பெயர் வேண்டும் என்பதும் சரியே. ஆனால் வகைப் பெயர்களை எந்திரமே பிறப்பிக்கவும் தொடங்கிவிட்டது என்பதைச் சேர்க்க வேண்டும். ஸ்பாட்டிஃபை 2014-இல் எக்கோ நெஸ்ட் என்ற இசைத் தரவு நிறுவனத்தை வாங்கியது. அந்த வழியில் வளர்ந்த வகைப்பட்டியல் 6,000 பெயர்களைத் தாண்டியது. கேட்பவர்கள் ஒன்றாகத் திரளும் இடங்களைக் கணக்கு கண்டுபிடிக்க, மனிதர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். அப்படிப் பிறந்த பெயர்களில் சில, கலைஞர்களே தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் சொற்களாகவும் ஆகிவிட்டன.

நம் பாடல்களுக்கு இந்த நுட்பம் அவ்வளவாக வந்து சேரவில்லை. இங்கே பல செயலிகளில் மொழியே வகையாகிவிடுகிறது. முதன்முறை திறக்கும்போதே எந்த மொழிப் பாடல் வேண்டும் என்று கேட்டுவிட்டு, தேவாரம், நாட்டுப்பாடல், திரையிசை, தனிப்பாடல் எல்லாவற்றையும் 'தமிழ்' என்ற ஒரே வகையில் கொட்டிவிடுகிறார்கள். தியாகராஜர் கீர்த்தனையைத் தமிழ்நாட்டுப் பாடகர் பாடினால் அது தெலுங்கா, தமிழா? வரி தெலுங்கு, மரபு காவிரிக்கரை. மொழிக் கட்டத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால், தமிழை மட்டும் தேர்ந்தவரின் கண்ணில் அது படாமலே போகலாம்.

இரவுக்கேள்வி எழுதியது:

பழந்தட்டு ஐயா கேட்டதற்கு விடை: அந்த நாகசுரப் பதிவிலிருந்து நான் அடுத்ததற்குப் போகவே இல்லை. அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகு செயலி என்னை வேறு திசைக்குக் கொண்டுபோய்விட்டது. தவில் கலைஞரின் பெயரைக் கண்டுபிடிக்க இப்போது ஆசையாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்று சொல்வீர்களா?

பட்டியலர் எழுதியது:

மூலத் தட்டின் பெயர்ச்சீட்டுப் படத்திலிருந்து தொடங்குங்கள். சேகரிப்பாளர்கள் பலர் அவற்றைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். சீட்டில் தட்டு எண் இருக்கும். உள்வட்டத்தில் அச்சு எண் பொறிக்கப்பட்டிருக்கும். அச்சு எண்ணை அந்த நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டால் பதிவான காலத்தை ஓரளவு நெருக்கமாகச் சொல்லிவிடலாம். பக்கவாத்தியக்காரர் பெயர் சீட்டில் இல்லாவிட்டால், அக்காலத்து விளம்பரத்தாள்களிலும் நிறுவனங்கள் அச்சிட்ட பாட்டுப் புத்தகங்களிலும் பாருங்கள்.

ஆயப்பாலை எழுதியது:

பட்டியலர் அவர்களிடம் எனக்கும் ஓர் ஐயம். சீட்டில் எழுதியிருப்பதே உண்மைக்கு மாறாக இருந்தால் எதைப் பதிவது? 1949-இல் வெளிவந்த ஓர் இந்தித் திரைப்படத்தின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டுக்குக் கதாபாத்திரத்தின் பெயரான காமினி என்பதைத்தான் பாடியவராக அச்சிட்டார்கள். சீட்டை அப்படியே நம்பினால் லதா இல்லை; சீட்டைத் திருத்தினால், பின்னணிப் பாடகருக்குப் பெயர் கொடுக்காத ஒரு காலம் இருந்தது என்ற செய்தி இல்லை.

பட்டியலர் எழுதியது:

இரண்டையும் பதியலாம். மியூசிக்பிரெயின்ஸில் கலைஞரை இணைக்கும்போது, அவர் உண்மையில் யார் என்பதற்கு ஓர் இடமும், அந்தத் தட்டில் எந்தப் பெயரில் குறிக்கப்பட்டார் என்பதற்குத் தனியே ஓர் இடமும் உண்டு. முதலாவதில் லதா மங்கேஷ்கரின் பக்கத்தை இணையுங்கள். இரண்டாவதில் காமினி என்று எழுதுங்கள். கீழே உள்ள குறிப்புக் கட்டத்தில் எந்தத் தட்டு எண்ணைப் பார்த்து எழுதினீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். பின்னால் வந்து சரிபார்ப்பவருக்கு அது வேண்டியிருக்கும். பண் பெயரும் ராகப் பெயரும் பற்றி நீங்கள் முன்பு எழுதியதற்கு இவ்வளவு நேரான வழி அங்கே இல்லை. விளக்கக் குறிப்பில் இரண்டையும் எழுதி, எந்த ஓதுவார் மரபின்படி அந்த இணைப்பைச் செய்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உங்களிடம் உள்ள பதிகப் பதிவுகளின் பட்டியலை இங்கேயே இட்டால், முதல் சிலவற்றை நான் உங்களோடு சேர்ந்து பதிகிறேன்.